தனி வரிசையா, பெரிய பதிப்பகமா, சொந்தப் பதிப்பா?

அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பெண் காதல் நாவல் எழுதி அதிலேயே பிழைக்க நினைத்தால் இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. ஹார்லெக்வின் மாதிரி மாதாமாதம் காதல் கதை போடும் நிறுவனத்தின் ஒரு வரிசைக்கு எழுதலாம். எழுத்தாளர் சார்பில் பதிப்பகங்களோடு பேசும் ஏஜென்ட் ஒருவரைப் பிடித்து ஏவான், பெர்க்லி, ஃபாரெவர் போன்ற பெரிய பதிப்பகப் பிரிவுகளில் தனி நாவலாகக் கொண்டுவரலாம். இல்லையா, யாரையும் கேட்காமல் அமேசான் கிண்டிலில் தானே போட்டுக்கொள்ளலாம். மூன்றிலும் ஜெயித்தவர்கள் உண்டு.

இந்த மூன்றையும் ராயல்டி சதவீதத்தை மட்டும் வைத்து அலசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். ஒரு வெள்ளை எழுத்தாளருக்கு அந்தக் கணக்கே போதுமோ என்னவோ. கறுப்பின எழுத்தாளர் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தக் கதவை அவர்கள் மூடிவிட்டால் என் கையில் என்ன மிஞ்சும்? கடந்த நாற்பது வருடத்தில் கதவுகள் திறந்து திறந்து மூடியிருக்கின்றன.

1980-ல் டெல் பதிப்பகத்தின் கேண்டில்லைட் வரிசையில் ரோசலிண்ட் வெல்ஸ் என்ற பெயரில் ஒரு நாவல் வந்தது. எழுதியவர் எல்சி வாஷிங்டன் என்ற பத்திரிகையாளர். கறுப்பின நாயகன், கறுப்பின நாயகி, எழுதியதும் கறுப்பினப் பெண் என்று பெரிய பதிப்பகத்திலிருந்து வந்த முதல் காதல் நாவலாக அதைத்தான் சொல்கிறார்கள். அதை வாங்கிப் போட்ட எடிட்டர் விவியன் ஸ்டீபன்ஸ், அவரும் கறுப்பினப் பெண். பின்னர் ஹார்லெக்வினுக்குப் போனவர், அங்கே சாண்ட்ரா கிட்டின் நாவலை வாங்கினார். ஹார்லெக்வினுக்கு எழுதிய முதல் கறுப்பின எழுத்தாளர் கிட். ஒரே எடிட்டரை நம்பி நின்ற கதவு இது. அவர் இல்லாத இடத்தில் அது பெரும்பாலும் சாத்தியே இருந்தது.

1992-ல் டெர்ரி மெக்மில்லன் என்ற கறுப்பினப் பெண் எழுத்தாளரின் நாவல் விற்ற விற்பனையைப் பார்த்த பிறகுதான், கறுப்பினப் பெண்கள் புத்தகம் வாங்குகிறார்கள் என்ற விஷயம் நியூயார்க் பதிப்பகங்களுக்கு உறைத்தது. காசு கொடுத்துப் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது செய்தியே இல்லை. அப்புறம் 1994-ல் இரண்டு கதவுகள் சேர்ந்து திறந்தன. என் ஒப்பீடு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதல் கதவு அரபெஸ்க். கென்சிங்டன் நிறுவனம் தன் பினக்கிள் பிரிவில் கறுப்பினக் காதல் கதைகளுக்கென்றே தொடங்கிய வரிசை. சாண்ட்ரா கிட், பிரான்சிஸ் ரே ஆகியோரின் நாவல்களோடு கடைக்கு வந்தது. வரிசை என்றால் நம் ஊர் மாத நாவல் மாதிரிதான்: மாதம் தவறாமல் வரும், அடுத்த இதழ் வந்ததும் பழையதைத் தட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். வாசகி எழுத்தாளரின் பெயரைப் பார்ப்பதைவிட வரிசையின் பெயரைப் பார்த்து வாங்குவார். புது எழுத்தாளருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. பெயர் தெரியாதபோதே விற்கிறது. கெடு வைத்து எழுதும் பழக்கம் வருகிறது. இன்றும் ஹார்லெக்வினின் பல வரிசைகளுக்கு ஏஜென்ட் இல்லாமலே கதை அனுப்பலாம்.

புளோரிடாவின் ஜாக்சன்வில்லைச் சேர்ந்த பிரெண்டா ஜாக்சன் இந்தப் பள்ளிக்கூடத்தில் வந்தவர். முதல் நாவல் 1995-ல் அரபெஸ்கில் வந்தது. ஸ்டேட் ஃபார்ம் காப்பீட்டு நிறுவனத்தில் 37 வருடம் வேலை பார்த்தவர், நாவலாசிரியராக ஆன பிறகும் வேலையை விடாமல் எழுதினார். மதாரிஸ் குடும்பம், வெஸ்ட்மோர்லேண்ட் குடும்பம் என்று அண்ணன் தம்பிகளுக்கு ஒவ்வொருவராகக் கல்யாணம் செய்துவைத்தபடி நூறு நாவல்களைத் தாண்டிவிட்டார்.

இரண்டாவது கதவான ஏவானில் நுழைந்தவர் பெவர்லி ஜென்கின்ஸ். டெட்ராய்ட்காரர், நூலகங்களில் வேலை பார்த்தவர். 19-ஆம் நூற்றாண்டுக் கறுப்பினச் சமூகத்தில், கான்சாஸில் நடக்கும் காதல் கதையை எழுதிவிட்டு வருடக்கணக்கில் நிராகரிப்புக் கடிதங்களாக வாங்கிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்துக் கறுப்பர்கள் என்றால் அடிமைக் கதைதான் என்று நினைத்தவர்களுக்கு, ஒரு பள்ளி ஆசிரியையும் ராணுவ வீரனும் காதலிக்கும் கதையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கடைசியில் அதை ஏவானுக்கு விற்றுக் கொடுத்த ஏஜென்ட் யார் தெரியுமா? அதே விவியன் ஸ்டீபன்ஸ். 1994-ல் ‘நைட் சாங்’ வந்தது, தனி வரிசை எதிலும் சேராமல், ஏவானின் மற்ற வரலாற்றுக் காதல் நாவல்களோடு.

அன்று இந்த இருவரையும் பார்த்திருந்தால் ஜாக்சனின் வழியைத்தான் பாதுகாப்பானது என்றிருப்போம். தயாராக ஒரு வரிசை, அதற்கென்று வாசகிகள், மாதம் தவறாத விற்பனை. ஜென்கின்ஸோ தன்னந்தனி. ஆனால் அரபெஸ்குக்கு என்ன ஆயிற்று? 1998-ல் அதை பிஇடி தொலைக்காட்சி நிறுவனம் வாங்கியது, சில கதைகள் டிவி படமாகவும் வந்தன. 2005-ல் ஹார்லெக்வின் கைக்குப் போனது. 2006-லிருந்து கிமானி என்ற புதுப் பெயர். 2017-ல் மூடப்போவதாக அறிவிப்பு, 2018 கடைசியோடு கடை காலி. கால் நூற்றாண்டுக்குள் மூன்று முதலாளிகள். ஒவ்வொரு கைமாற்றத்திலும் எழுத்தாளர்களை யாரும் கேட்கவில்லை.

தனி வரிசையை ஆரம்பத்திலிருந்தே இரண்டு விதமாகத் திட்டினார்கள். கறுப்பினக் கதைகளை ஓர் ஓரமாக ஒதுக்கி வைக்கிறார்கள் என்பது ஒன்று. வெள்ளை வாசகி அந்தத் தட்டுப் பக்கம் வரவே மாட்டாள் என்பது இன்னொன்று. இரண்டும் உண்மை. இருந்தாலும் அந்த ஒதுக்கிய இடத்தில்தான் ஒரு தலைமுறை எழுத்தாளர்கள் தொழில் கற்றார்கள். மூடியபோது, எல்லா வரிசைகளிலும் எல்லாருக்கும் இடம் உண்டு என்றார்கள். இடம் உண்டு என்று சொல்வதும் இடம் கொடுப்பதும் வேறு வேறு. ஜாக்சன் இதை முன்கூட்டியே உணர்ந்தவர் போல, 2002-லேயே எல்லா இனத்து எழுத்தாளர்களும் எழுதிய டிசையர் என்ற வரிசையில் காலை ஊன்றிக்கொண்டார், மதாரிஸ் பெயரில் சொந்தப் பதிப்பகமும் வைத்துக்கொண்டார். கிமானியை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு 2018 கொடுமையான வருடம்.

சரி, பெரிய பதிப்பகம் மட்டும் நம்பகமானதா? கலிபோர்னியாவின் கல்வர் சிட்டியில் இருக்கும் தி ரிப்டு பாடிஸ் என்ற காதல் நாவல் கடை, முன்னணிக் காதல் பதிப்பகங்கள் போட்ட புத்தகங்களை எண்ணிப் பார்த்தது. 2017-ல் 100 புத்தகத்துக்கு 6.2 மட்டுமே வெள்ளையர் அல்லாதவர்கள் எழுதியவை. அதுவும் கறுப்பினத்தவர், ஆசியர், லத்தீன் அமெரிக்கர் எல்லாரையும் சேர்த்து. ஆக, வாசல் குறுகல்தான். ஏஜென்ட் தேடி, ஒப்பந்தமாகி, புத்தகம் கைக்கு வர இரண்டு வருடம் சாதாரணமாக ஓடிவிடும்.

உள்ளே போய்விட்டால் கிடைப்பது மற்ற இரண்டு வழிகளிலும் கிடைக்காதது. நூலகங்கள், விமானநிலையக் கடைகள், பத்திரிகை மதிப்புரை, அப்புறம் பிரபலங்களின் புத்தகக் குழுக்கள். வழக்கறிஞராக இருந்த ஜாஸ்மின் கில்லரியின் முதல் நாவலை 2018-ல் பெர்க்லி வெளியிட்டது. அவருடைய அடுத்த நாவலை நடிகை ரீஸ் விதர்ஸ்பூன் 2019-ல் தன் புத்தகக் குழுவுக்குத் தேர்ந்தெடுத்தார். அந்த ஒரு தேர்வு செய்வதை விளம்பரக் காசு கொட்டிச் செய்ய முடியாது. அட்டையில் ஓவியம் போட்ட அந்தப் பெரிய அளவு பேப்பர்பேக்குகள் கடையின் முன்மேசையில் கிடந்தன, பின்னால் இருக்கும் ‘ஆப்பிரிக்க அமெரிக்கப் பிரிவு’ தட்டில் ஒளியவில்லை.

அந்தத் தட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பல கடைகளில் கறுப்பினத்தவர் எழுதியது காதலோ துப்பறியும் கதையோ எல்லாம் ஒரே தட்டில்தான் இருக்கும். காதல் நாவல் தேடி வருகிறவள் காதல் தட்டில் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். எழுத்தாளர்கள் இதை எதிர்த்து வருடக்கணக்கில் கத்தினார்கள். வேடிக்கை என்னவென்றால், இணையத்தில் அதே முத்திரை தலைகீழாக வேலை செய்கிறது. கிண்டிலில் ‘கறுப்பினக் காதல்’ என்று தனிப் பிரிவே இருக்கிறது, அதைத் தேடி வரும் வாசகிகளும் ஏராளம். கடையில் ஒரு பிரதி ஒரு தட்டில்தான் நிற்கும். அமேசானில் ஒரே புத்தகத்தை மூன்று பிரிவுகளில் வைக்கலாம். ஒதுக்குவதற்குப் பயன்பட்ட சொல்லே இங்கே வாசகியைக் கூட்டி வருகிறது.

இப்போது காசுக் கணக்கு. 2.99 முதல் 9.99 டாலர் வரை விலை வைத்தால் அமேசான் 70 சதவீதம் தருகிறது, அதற்கு வெளியே 35. 4.99 டாலர் மின்புத்தகம் விற்றால் கையில் ஏறக்குறைய மூன்றரை டாலர். பெரிய பதிப்பகம் அதே மாதிரி புத்தகத்தை 9.99-க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் பங்கு போகப் பதிப்பகத்துக்கு வருவது ஏழு டாலர். வழக்கமான ஒப்பந்தத்தில் எழுத்தாளருக்கு அதில் 25 சதவீதம், ஒன்றே முக்கால் டாலர். ஏஜென்டின் 15 சதவீதம் போனால் ஒன்றரை. சின்ன அளவு பேப்பர்பேக் என்றால் இன்னும் மோசம்: 7.99 டாலருக்கு 8 சதவீதம் தந்தாலும் 64 சென்ட்தான். ஆனால் பதிப்பகம் முன்பணம் தருகிறது, புத்தகம் ஓடாவிட்டாலும் அதைத் திருப்பிக் கேட்பதில்லை. சொந்தப் பதிப்பில் எடிட்டிங், அட்டை, விளம்பரம் எல்லாம் உங்கள் சட்டைப்பையிலிருந்து. ஒழுங்காகச் செய்தால் ஆயிரம் டாலரைச் சுலபமாகத் தாண்டும். அட்டையில் கறுப்பின ஜோடி வேண்டும் என்றால் விலைக்குக் கிடைக்கும் படங்களும் குறைவு.

கிண்டில் அன்லிமிடெட் பற்றிப் பேசாமல் இந்தக் கணக்கு முடியாது. மாதச் சந்தா கட்டிய வாசகி படிக்கும் பக்கத்துக்குக் காசு, பக்கத்துக்கு அரை சென்டுக்கும் குறைவு. 300 பக்க நாவலை முழுக்கப் படித்தாலும் ஒன்றரை டாலர் தேறாது. ஒரு நாவலோடு இருப்பவருக்கு இது சில்லறை. பன்னிரண்டு நாவல் உள்ளவருக்கு இதுவே சம்பளம், ஏனென்றால் ஒரு குடும்பக் கதையைப் பிடித்த வாசகி வாரக் கடைசியில் அத்தனையையும் முடித்துவிடுவாள். இதன் விலை, 90 நாள் 90 நாளாக அமேசானுக்கு மட்டுமே மின்புத்தகத்தைத் தருவது. அந்த நாட்களில் மற்ற மின்புத்தகக் கடைகளில் அது இருக்கக் கூடாது. அங்கே வாங்கும் வாசகிகளை இழக்கிறீர்கள். விதியை மாற்றும் அதிகாரமும் முழுக்க அமேசானிடம். 2014-ல் தொடங்கி ஒரே வருடத்தில் பணம் தரும் முறையை மாற்றினார்கள். ஆகவே இதுவும் இன்னொருவர் வீட்டுத் திண்ணைதான். ஆனால் உரிமை உங்களிடம் இருக்கிறது, 90 நாள் கழித்துப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம்.

அமெரிக்கக் காதல் எழுத்தாளர் சங்கத்தின் ரீட்டா விருது இந்தத் துறையின் பெரிய விருதாக இருந்தது. அந்தச் சங்கத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவர் விவியன் ஸ்டீபன்ஸ்! அப்படியும் 2019 வரை ஒரு கறுப்பின எழுத்தாளருக்கும் விருது போகவில்லை. அந்த வருடம் கென்னடி ரயான், எம். மலோன் இருவரும் வாங்கினார்கள். இரண்டு புத்தகமுமே சொந்தப் பதிப்பு. எந்தப் பதிப்பகமும் கொண்டுவந்து நிறுத்தியதல்ல. அடுத்த வருடம் இனப் பாகுபாட்டுச் சர்ச்சையில் விருது ரத்தானது, பிறகு ஸ்டீபன்ஸின் பெயரிலேயே புது விருது வைத்தார்கள், 2024-ல் சங்கமே திவால் மனு போட்டது. பாடுபட்டு உள்ளே போன மேடை அது.

ரயானின் பாதைதான் இன்று எனக்கு மிகவும் பிடித்தது. 2014-ல் ஃபாரெவர் பதிப்பகத்தில் ஆரம்பித்தார். பிறகு வெளியே வந்து சொந்தமாகப் போட்டு வாசகிகளைச் சேர்த்தார், விருதும் வாங்கினார். 2022-ல் அதே ஃபாரெவருக்குத் திரும்பினார், இந்த முறை தனக்கென்று ஒரு கூட்டத்தோடு. முதல் தடவை நுழைந்த புது எழுத்தாளரும் இரண்டாவது தடவை நுழைந்தவரும் ஒரே விலைக்குப் பேசியிருக்க முடியாது.

என் ஓட்டு இப்படி: சமகாலக் காதல், குடும்பத் தொடர், வருடத்துக்கு மூன்று நாவல் எழுதும் வேகம் இருந்தால் சொந்தப் பதிப்பில் தொடங்குங்கள், முதல் நாவலின் கடைசிப் பக்கத்திலிருந்தே வாசகியின் மின்னஞ்சல் முகவரியைக் கேட்டு வாங்குங்கள். அமேசான் அதை உங்களுக்குத் தராது. ஜென்கின்ஸ் மாதிரி ஆராய்ச்சி செய்து எழுதுபவர், இரண்டு வருடத்துக்கு ஒரு நாவல்தான் முடியும் என்றால், நிராகரிப்புகளைத் தாங்கிக்கொண்டு பெரிய பதிப்பகத்துக்கே முயற்சி செய்யுங்கள். வரலாற்று நாவலுக்கு நூலகமும் நீண்ட ஆயுளும் வேண்டும், அதைக் கிண்டில் மட்டும் தராது. மாத வரிசையை நான் முதல் வேலையாக மட்டும் சொல்வேன். மூன்று நான்கு நாவலில் தொழில் கற்று நகர்ந்துவிட வேண்டும்.

எந்த வழி என்றாலும் சம்பள வேலையைச் சீக்கிரம் விடாதீர்கள், ஜாக்சனே விடவில்லை. ஒப்பந்தம் வந்தால் முன்பணத் தொகைக்கு முன்னால் இரண்டு விதிகளைப் படியுங்கள். ஒன்று, உரிமை எப்போது திரும்பி வரும் என்பது. மின்புத்தகம் எப்போதும் ‘விற்பனையில்’ இருப்பதாகக் கணக்குக் காட்ட முடியும் என்பதால், வருடத்துக்கு இத்தனை பிரதிக்குக் கீழே போனால் உரிமை திரும்பும் என்று எண்ணாகவே எழுதி வாங்குங்கள். மற்றது, ஒப்பந்தக் காலத்தில் சொந்தமாக வேறு நாவல் போடுவதைத் தடுக்கும் விதி. அது இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள், அடிக்க மறுத்தால் ‘இதே தொடரில் வரும் நாவல்கள் மட்டும்’ என்றாவது சுருக்கச் சொல்லுங்கள்.