கோத்தகிரி வீடு: நிம்மதிக்கு 5, திருட்டு வேலைக்கு 2½

இந்த வீட்டின் பெயரைப் போடப் போவதில்லை. குறை சொல்லப் போகிறேன் என்பதால் இல்லை. என் மேனேஜரும் எங்கே தங்கலாம் என்று இப்படித் தேடித் தேடிப் படிக்கிற ஆள்தான்.

கோத்தகிரி டவுனிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, தேயிலைச் சரிவில் இருக்கிற ஹோம்ஸ்டே. கீழே வீட்டுக்கார அக்காவும் அண்ணனும் இருக்கிறார்கள். மேலே நமக்கு இரண்டு ரூம், ஒரு வராந்தா. கத்திரி வெயில் உச்சத்தில் இருந்தபோது நான், கணவர், மகன், மாமியார் நால்வரும் 6 இரவு தங்கினோம். காலைச் சாப்பாடு சேர்த்து ஓர் இரவுக்கு 3,800 ரூபாய்.

ஆனால் என்னிடம் மிச்சம் இருந்த லீவு இரண்டே நாள். அம்மாவின் கண் ஆபரேஷனுக்கே மற்றதெல்லாம் போய்விட்டது. அதனால் திங்களும் வெள்ளியும் லீவு, நடுவில் மூன்று நாள் 'வீட்டிலிருந்து வேலை' என்று போட்டேன். எங்கள் கம்பெனியில் வீடு என்றால் பதிவு செய்த முகவரி, அதாவது சென்னையின் மேடவாக்கம். கோத்தகிரியும் ஒரு வீடுதானே என்று மனசாட்சிக்குச் சொல்லிக்கொண்டேன். ஆக இது அந்த வீட்டில் ஒளிந்து வேலை பார்க்க முடியுமா என்பதற்கான ரிவ்யூவும்தான்.

நீலகிரிக்கு வண்டியில் போக 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். எங்கே தங்குகிறோம், எந்தத் தேதி வரை என்று எல்லாம் கேட்டார்கள், ஒன்று விடாமல் உண்மையைச் சொன்னேன். குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் பாஸைக் காட்டி, பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று வண்டிக்குள் பார்க்கவிட்டு மலையேறினோம். நான் எங்கே இருக்கிறேன் என்பது மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரியும், மேனேஜருக்குத் தெரியாது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். ஃபைபர் இணைப்பு இருக்கிறது. நான் பார்த்தபோது 40 எம்பிபிஎஸ் வேகம் வந்தது, வீடியோ காலுக்குத் தாராளம். சன்னல் ஓரமாக ஒரு பழைய மர மேசை, முதுகு நேராக இருக்கிற நாற்காலி. மலையில் வாடகைக்கு விடுகிற வீடுகளில் பெரும்பாலும் சோபா, மெத்தை, மூங்கில் ஊஞ்சல் எல்லாம் இருக்கும், உட்கார்ந்து எழுத ஒரு மேசை இருக்காது. இங்கே இருந்தது. பின்னால் வெறும் வெள்ளைச் சுவர். மேடவாக்கம் என்றால் மேடவாக்கம்தான், யாரும் சந்தேகப்பட முடியாது.

என் ஷிஃப்ட் மதியம் ஒன்றிலிருந்து இரவு பத்து. கிளையன்ட் நியூஜெர்சியில். அங்கே காலை 9 என்றால் கோடையில் நமக்கு மாலை 6.30, அதுதான் தினசரி மீட்டிங். அதனால் காலை முழுக்க நம் கையில். ஆறரைக்கு எழுந்து வராந்தாவில் டீ, கீழே இலை பறிக்கப் போகிறவர்களின் பேச்சுச் சத்தம், அப்புறம் ஒரு நடை. மாமியார்கூட மூட்டுவலியை மறந்து தினமும் வளைவு வரை நடந்தார். அக்கா படுகர். ஒருநாள் அவரைக்கொட்டையும் உருளைக்கிழங்கும் போட்டு ஒரு குழம்பு வைத்து, 'இதுக்கு உதக்கன்னு பேருங்க' என்றார். என் மகன் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். இரவுச் சாப்பாடு ஆளுக்கு 250 ரூபாய், அந்தக் குழம்புக்கே கொடுக்கலாம்.

இனி குறைகள்.

முதல் குறை கூரை. மேல் மாடி முழுக்கத் தகர ஷீட். மே மாதத்தில் மலையில் சாயங்காலம் ஒரு பாட்டம் மழை சாதாரணம். செவ்வாய்க்கிழமை சரியாக 6.40-க்கு, நான் வாயைத் திறந்து நேற்றைய டெஸ்ட் முடிவுகளைச் சொல்ல ஆரம்பித்தபோது கொட்டியது. தகரத்தில் மழை விழுகிற சத்தத்தை எந்த ஹெட்போனும் வடிகட்டாது. தாம்பரத்திலிருந்து ஒரு தம்பி மைக்கை ஆன் செய்து, "அக்கா, உங்க ஏரியாவுல மழையா? இங்க அனல் பறக்குது" என்றான்.

எனக்கு வாயில் வந்தது, "இல்லப்பா, மாடியில டேங்க் நிரம்பி வழியுது."

இரண்டு விநாடி அமைதி. "மேடவாக்கத்துல? மே மாசத்துலயா?"

லாரித் தண்ணி என்றேன். அப்படியென்றால் நிறுத்தச் சொல்லுங்கள், காசு வீணாகிறது என்று மூன்று பேர் அக்கறையாகச் சொன்னார்கள். மைக்கை அணைத்துவிட்டு, டேங்கை நிறுத்தப் போகிற மாதிரி எழுந்து போய், மழை விடுகிற வரை பாத்ரூமில் நின்றேன். அங்கே மட்டும் கான்கிரீட் கூரை. அந்த வீட்டில் மீட்டிங்குக்கு ஏற்ற இடம் அதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

இரண்டாவது குறை குளிர். அதற்கு அவர்கள் பொறுப்பில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. ராத்திரி எட்டு மணிக்கு ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார முடியாது. மே மாதத்தில் மேடவாக்கத்தில் ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண்மணி வீடியோவில் வந்தால் காய்ச்சலா என்று கேட்பார்கள். மேலே காட்டன் குர்தா, இடுப்புக்குக் கீழே இரண்டு போர்வை என்று சமாளித்தேன். பல் கிடுகிடுத்ததை நெட்வொர்க் கோளாறு என்று நினைத்திருப்பார்கள்.

மூன்றாவதுதான் உண்மையான குறை. 'இன்வெர்ட்டர் வசதி உண்டு' என்று சொல்கிறார்கள், பொய்யில்லை. ஆனால் அது விளக்குக்கும் செல்போன் சார்ஜருக்கும் மட்டும். ரூட்டர் செருகியிருக்கிற பாயின்ட் இன்வெர்ட்டரில் இல்லை. புதன் இரவு, ரிலீஸுக்கு முந்தைய மீட்டிங், என் திரையை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், கரன்ட் போனது. லைட் எரிகிறது, லேப்டாப் ஓடுகிறது, இன்டர்நெட் மட்டும் செத்துவிட்டது. ரூமுக்குள் செல்போன் சிக்னல் ஒரு கோடு. வராந்தாவின் கடைசி மூலையில், கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்றால் மூன்று கோடு. முக்கால் மணி நேரம் அங்கே நின்று, லேப்டாப்பைச் சுவர்மேல் வைத்து ஹாட்ஸ்பாட்டில் வேலை பார்த்தேன். நடுவில் அண்ணன் கீழேயிருந்து டார்ச் அடித்து, "அம்மணி, உள்ள போயிருங்க, காட்டுமாடு நிக்குது" என்று கத்தினார். மைக் அணைந்திருந்தது. அன்றைக்கு என் அதிர்ஷ்டம் அவ்வளவுதான்.

வீடு வாடகைக்கு விடுகிற யாராவது இதைப் படித்தால்: ரூட்டருக்கென்றே சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் கிடைக்கிறது, இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதை வாங்கி வையுங்கள். என்னைப் போல எத்தனை பேர் போர்வைக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

திங்கள் என் லீவு நாள். எல்லோரும் கொடநாடு காட்சிமுனைக்குப் போனோம், வெள்ளை மூட்டத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. வியாழன் மதியம் வானம் பளிச்சென்று இருந்ததால் கணவர் எல்லோரையும் மறுபடி கூட்டிப் போனார். நான் மேசையில். மாயாறு ஓடுகிற பள்ளத்தாக்கு, ரங்கசாமி சிகரம், தூரத்தில் தெங்குமரஹாடா என்று மகன் வரிசையாகப் படம் அனுப்பிக்கொண்டே இருந்தான். எக்செல் ஷீட்டுக்கு மேலே ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்து மறைந்தன. 'அம்மா இங்க செம்மயா இருக்கு' என்று ஒரு குரல் செய்தி. இது வீட்டின் குறையா என்றால், இல்லை. ஆனாலும் மார்க் போடும்போது கை கொஞ்சம் இறுகத்தான் செய்தது.

கிளம்பும்போது அக்கா ஒரு பை நிறைய டீத்தூளும், பொட்டலத்தில் வர்க்கியும் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "அடுத்த வாட்டி ஆபீஸ் இல்லாம வாங்க" என்றார். நான் வேலை பார்த்ததை அவரிடம் சொன்னதே இல்லை. மூன்று ராத்திரி வராந்தாவுக்கும் பாத்ரூமுக்கும் ஓடினால் யாருக்குத்தான் தெரியாது.

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: "ரூட்டரை இன்வெர்ட்டர்ல மாத்தியாச்சுங்க." கணவரிடம் காட்டினேன், அவர் ஒன்றும் சொல்லாமல் போனைத் திருப்பிக் கொடுத்தார். அக்காவுக்கு நான் இன்னும் பதில் போடவில்லை.