பெரம்பூர் ஹாலில் ஒரு யமனோதே: கட்டோ ஸ்டார்ட்டர் செட், ஆறு மாதம் ஓட்டிய பிறகு

காலை ஏழு மணிக்கு வீடு துடைக்கிற அக்கா வந்துவிடுவார். அதற்குள் என் மாதிரி ரயிலின் தண்டவாளம் ஹாலைவிட்டுப் போயிருக்க வேண்டும். இரவு ஒன்பதரைக்கு விரித்து, ஒரு மணி நேரம் ஓட்டி, படுக்கும்முன் கழற்றிப் பெட்டியில் அடுக்கிவிடுகிறேன். ஆறு மாதமாக இதுதான் வழக்கம். மாதிரி ரயில் என்றால் தனி அறை, பெரிய பலகை, மலை, சுரங்கம் எல்லாம் வேண்டும் என்று நினைத்து இருபது வருடம் தள்ளிப்போட்டவள் நான். பெரம்பூரில் இரண்டு படுக்கையறை வீட்டில் அதெல்லாம் நடக்கிற காரியமா? அந்த நினைப்பை மாற்றியது ஜப்பானில் மாதிரி ரயில் செய்யும் கட்டோ கம்பெனியின் ஸ்டார்ட்டர் செட்.

என் அப்பா ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையின் ஷெல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் வளர்ந்தது அந்தக் காலனியில்தான். இப்போது வேலை ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில். ரயில் மீது ஆசை வந்த கதை இவ்வளவுதான், இதற்கு மேல் இழுக்க மாட்டேன்.

நான் வாங்கியது டோக்கியோவின் யமனோதே தடத்தில் ஓடும் ஈ235 வண்டி இருக்கிற செட். பெட்டிக்குள் நான்கு ரயில் பெட்டிகள், நீள்வட்டமாகப் பொருத்தும் தண்டவாளம், வேகம் கூட்டிக் குறைக்கும் பவர் பேக், அதற்கான அடாப்டர், கதவருகே ஒட்டவேண்டிய பொடிப்பொடி ஸ்டிக்கர்கள். வேறு எதுவும் வாங்காமல் அன்றைக்கே ஓட்டலாம் என்பது செட்டின் பெருமை. சென்னையில் அது முக்கால்வாசிதான் உண்மை. மின்சாரக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

ஷின்கான்சென் செட்டும் இருக்கிறது. புல்லட் ரயிலை விட்டுவிட்டு டோக்கியோ லோக்கல் வண்டியை ஏன் எடுத்தாய் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். நிஜத்தில் ஈ5 ஷின்கான்சென் பத்துப் பெட்டி ஓடும். நான்கு பெட்டியோடு அது வாலறுந்த பல்லி மாதிரி தெரியும். அதோடு, நேர்கோட்டில் பறக்கவேண்டிய வண்டி ஹாலுக்குள் 315 மில்லிமீட்டர் ஆர வளைவில் சுற்றிச்சுற்றி வருவதைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. யமனோதே அப்படியில்லை. அது டோக்கியோவைச் சுற்றும் வட்டப்பாதை. 34.5 கிலோமீட்டர், 30 நிலையங்கள், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். சுற்றிக்கொண்டே இருப்பதுதான் அதன் பிழைப்பு. என் ஹாலிலும் அதையேதான் செய்கிறது.

இந்த ஈ235-ன் முகத்தைப் பார்த்து ஜப்பான்காரர்களே மைக்ரோவேவ் அடுப்பு என்று கிண்டல் செய்கிறார்களாம். எனக்குப் பிடித்தது அதன் கதவுகள். பழைய வண்டிகளுக்கு இடுப்பைச் சுற்றி ஒட்டியாணம் போலப் பச்சைப் பட்டை ஓடும். இப்போது பிளாட்பாரத்திலேயே தடுப்புக் கதவுகள் வந்துவிட்டதால் அந்தப் பட்டை மறைந்துபோகிறது. அதனால் பச்சையைக் கதவுகளுக்கு மாற்றி, மேலிருந்து கீழாகப் புள்ளிபுள்ளியாகக் கரைவது போல அமைத்துவிட்டார்கள். ஒரு சாண்கூட இல்லாத பெட்டியில் அந்தப் புள்ளிகளை ஒன்றுவிடாமல் அச்சிட்டிருக்கிறார்கள். படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து அசந்துபோனேன்.

இது 'N' கேஜ் (ஆங்கில எழுத்து என்) வகை. தண்டவாள இடைவெளி 9 மில்லிமீட்டர். ஜப்பான் சாதாரண வண்டிகளை 150-ல் ஒரு பங்காகவும், ஷின்கான்செனை 160-ல் ஒரு பங்காகவும் செய்கிறார்கள். 20 மீட்டர் பெட்டி 133 மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது. கணக்குப் போடும் புத்தி சும்மா இருக்குமா? ஜப்பானில் ஊர் வண்டிகளுக்கான பாதை 1067 மில்லிமீட்டர். அதை 150-ஆல் வகுத்தால் 7.1 தான் வரும். ஆக, 9 மில்லிமீட்டர் தண்டவாளம் இந்த வண்டிக்குக் கொஞ்சம் அகலம். கறாரான ரசிகர்களுக்கு இது உறுத்துமாம். 1676 மில்லிமீட்டர் அகலப்பாதையையே பார்த்து வளர்ந்த நமக்கு அகலமாக இருப்பதுதான் இயல்பாகத் தெரிகிறது. ஷின்கான்செனுக்கு இந்தத் தகராறு இல்லை. அது 1435, 160-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட சரியாக 9 வந்துவிடும்.

இன்னொரு கணக்கும் போட்டேன். முழு யமனோதே தடத்தையும் இதே அளவில் விரிக்க 230 மீட்டர் தண்டவாளம் வேண்டும். எங்கள் வீட்டு வாசலிலிருந்து தெருமுனை ரேஷன் கடையையும் தாண்டிவிடும். என்னிடம் இருப்பது மூன்று மீட்டருக்கும் குறைவு.

இந்தச் செட்டில் உண்மையிலேயே காசு பெறுவது தண்டவாளம்தான், வண்டி அதற்கு அடுத்ததுதான். யூனிட்ராக் என்று பெயர். ஜல்லி போட்ட மேடு போன்ற பிளாஸ்டிக் அடித்தளத்தோடு சேர்ந்தே வருகிறது. ஒன்றோடொன்று தள்ளினால் க்ளிக் என்று பிடித்துக்கொள்ளும். டைல்ஸ் தரையில் அப்படியே வைத்து ஓட்டலாம், ஆணி வேண்டாம், பசை வேண்டாம். ஒன்றேகால் மீட்டர் நீளம், 70 சென்டிமீட்டர் அகலம் இருந்தால் போதும், எங்கள் வீட்டு டீப்பாயை நகர்த்தினால் கிடைக்கிற இடம். கழற்றும்போது மட்டும் மடக்கக் கூடாது. இரண்டு கையாலும் நேராக இழுக்க வேண்டும். ஆறு மாதமாகத் தினமும் பூட்டிக் கழற்றியும் ஒரு இணைப்புகூடத் தளரவில்லை. மாதிரி ரயிலைத் தரையில் விரித்து எடுத்துவைக்கிற வாழ்க்கைக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்க்கவில்லை.

இங்கே நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லியாக வேண்டும். நேர்ப்பகுதியை நீட்டலாம் என்று ஆசைப்பட்டு, இரண்டாம் கையாகச் சில துண்டுகளை மலிவாக வாங்கினேன். அவை டோமிக்ஸ் கம்பெனியின் ஃபைன் ட்ராக். இரண்டுமே 9 மில்லிமீட்டர், வண்டி இரண்டிலும் ஓடும். ஆனால் இரண்டின் இணைப்பு முறையும் வேறு, ஒன்றோடொன்று பூட்டாது. நடுவில் மாற்றுத் துண்டு ஒன்று வேண்டும். இரட்டைத் தடம் போட்டால் கட்டோவில் இரண்டு தடங்களுக்கும் இடையே 33 மில்லிமீட்டர், டோமிக்ஸில் 37. ஆக, முதல் நாள் எந்தத் தண்டவாளத்தில் கை வைக்கிறோமோ அதோடுதான் குடித்தனம். வண்டியை மட்டும் யாரிடம் வேண்டுமானாலும் வாங்கலாம். அந்த டோமிக்ஸ் துண்டுகள் இன்னும் அலமாரியில் சும்மா இருக்கின்றன.

அடுத்தது மின்சாரம். ஜப்பானில் 100 வோல்ட், நம் வீட்டில் 230. என் பெட்டியில் வந்த அடாப்டரில் 100 வோல்ட் என்றுதான் அச்சிட்டிருந்தது. தட்டையான இரண்டு கால் பிளக்கைப் பார்த்ததும் என் பையன் மல்டிபின் சாக்கெட்டில் செருகப் போனான். நல்லவேளை, பார்த்துவிட்டேன். செருகியிருந்தால் புகை வந்திருக்கும். மறுநாள் ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். கடைக்காரர் அடாப்டரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஜப்பான் சாமானா மேடம்? ரைஸ் குக்கரா?" என்றார். ரயில் என்றதும் முழு மரியாதையோடு ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். கடையில் தயாராக இருந்ததெல்லாம் 110 வோல்ட். "110-லயும் ஓடும், ஆனா 100-க்கே சுத்தித் தர்றேன், நாளைக்கு வாங்க" என்றார். 900 ரூபாய்க்கு ஒரு செங்கல் கனத்தில் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. ஹெர்ட்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். டோக்கியோ பக்கமும் 50 தான், ஒசாகா பக்கம்தான் 60.

ஓட்டுவது சுலபம். பவர் பேக் தண்டவாளத்துக்குக் கொடுப்பது அதிகபட்சம் 12 வோல்ட் நேர்மின்சாரம். குமிழைத் திருப்பினால் வேகம், நெம்புகோலை மாற்றினால் திசை. திசை மாறியதும் வெள்ளை முன்விளக்கு அணைந்து சிவப்பு வால்விளக்கு எரியும். முதல் வாரம் எனக்குப் பெரிய வேலை, சக்கரத்தைத் தண்டவாளத்தில் உட்காரவைப்பதுதான். 47 வயதுக் கண்ணுக்கு 9 மில்லிமீட்டர் கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம். சறுக்குமரம் போன்ற ஒரு பிளாஸ்டிக் துண்டைத் தண்டவாளத்தில் சாய்வாக வைத்து, பெட்டியை மேலிருந்து மெதுவாக விட்டால் தானே போய் உட்கார்ந்துகொள்ளும். இது இல்லாமல் முயற்சி செய்யவேண்டாம்.

அப்பா முதல் நாள் ஒரு பெட்டியைக் கையில் எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். ஐ.சி.எஃப்.காரர்கள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், அடியில் சக்கரங்களைத் தாங்கும் போகியைத்தான் பார்ப்பார்கள். "ஏம்மா, நாலு பெட்டியில ஒண்ணுலதான் மோட்டாரா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப பாண்டோ எதுக்கு?" மேல்கம்பியிலிருந்து கரண்டு எடுக்கிற பாண்டோகிராஃபைத்தான் அப்படிச் சொல்வார். பாண்டோ வெறும் அழகுக்கு, கரண்டு தண்டவாளத்தில் வருகிறது, ஒரு பக்கம் பிளஸ், இன்னொரு பக்கம் மைனஸ், சக்கரம் வழியாக மோட்டாருக்குப் போகிறது என்று விளக்கினேன். பொய் பாண்டோ அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஜப்பான் வேலைப்பாட்டின் மேல் அவருக்கு மரியாதை உண்டு. 1960-களின் நடுவில் மிட்சுபிஷி செய்து அனுப்பிய மீட்டர் கேஜ் மின்சார இன்ஜின்கள் பீச்சிலிருந்து தாம்பரம், விழுப்புரம் என்று எங்கள் சின்ன வயது முழுக்க ஓடின. அந்தத் தடத்தில் மீட்டர் கேஜ் 2004-ல் போய்விட்டது. இந்தக் குட்டி வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இன்ஜின்களைப் பற்றி ஏதாவது ஒன்று சொல்வார். நானும் புதிதாகக் கேட்பது போலக் கேட்டுக்கொள்வேன்.

செலவுக்கு வருவோம். டோக்கியோவில் வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கடையில் நேரடியாக வாங்கினேன். ஏற்றுமதி என்பதால் அந்த ஊர் 10 சதவீத நுகர்வு வரி கிடையாது. செட் ரூபாய்க் கணக்கில் பத்தாயிரத்தைத் தொட்டது. இ.எம்.எஸ். என்கிற விரைவுத் தபால் மூவாயிரம். தபால்காரர் பார்சலோடு கொண்டுவந்த சுங்க ரசீது ஆறாயிரத்துச் சொச்சம். டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்தால் இருபதாயிரம். ஆடிட்டர் அலுவலகத்தில் இருப்பவள் என்பதால் இந்த வரியை எதிர்பார்த்துத்தான் இருந்தேன். அளவு குறைத்த மாதிரிகள் சுங்க அட்டவணையில் பொம்மைகளோடு 9503-ல் வரும். பொம்மைகளுக்கான அடிப்படை வரியை 2020 பட்ஜெட்டில் 20-லிருந்து 60 சதவீதமாக ஏற்றினார்கள், 2023-ல் 70. தபாலில் சொந்த உபயோகத்துக்கு வருவதற்குக் கணக்கு வேறு, அதுவும் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது. ஆர்டர் போடும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள். பொருள் விலையைப் போல இரண்டு மடங்கை மனதில் வைத்துக்கொண்டு இறங்கினால் அதிர்ச்சி இருக்காது. கடையில் விலையைக் குறைத்து எழுதித் தரச்சொல்லிக் கேட்காதீர்கள். வழியில் தொலைந்தால் அந்தக் குறைந்த தொகைதான் திரும்ப வரும்.

பராமரிப்பு என்றால் தூசி, முடி, உப்புக்காற்று. தண்டவாள உலோகம் துருப்பிடிக்காது, ஆனால் கறுக்கும். கறுத்த இடத்தில் வண்டி திக்கும், விளக்கு மினுக்கும். பழைய வேட்டித்துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு வாரம் ஒருமுறை துடைக்கிறேன், சக்கரத்தையும் சேர்த்து. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. கீறலில்தான் அழுக்கு போய் உட்காரும். தரையில் ஓட்டுவதால் தலைமுடி அச்சில் சுற்றிக்கொள்ளும், இடுக்கியால் எடுக்கவேண்டும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்ட மறுநாள் வண்டி அதிகம் திணறுகிறது என்பது என் சந்தேகம். அத்தையிடம் இதைச் சொல்லும் தைரியம் இன்னும் வரவில்லை.

குறை என்று பார்த்தால், நான்கு பெட்டிதான். நிஜ யமனோதே 11 பெட்டி. மீதியைக் கூடுதல் செட்டுகளாக வாங்கிச் சேர்க்கலாம். ஆனால் ஜப்பானில் இவற்றை எப்போதும் செய்துகொண்டே இருப்பதில்லை. சில மாதம் முன்பே அறிவித்து, முன்பதிவு வாங்கி, ஒரு தொகுதி செய்து முடித்துவிடுவார்கள். தீர்ந்தால் மறுபடி எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டியதுதான். பிடித்த வண்டியாக இருந்தால் கூடுதல் பெட்டிகளையும் சேர்த்து அப்போதே வாங்கிவிடுவது நல்லது. நான் அப்படிச் செய்யவில்லை. இப்போது அடுத்த தொகுதிக்கு முன்பதிவு செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். 11 பெட்டியும் சேர்ந்தால் ஒன்றரை மீட்டர், என் வட்டத்தில் பாதிக்கு மேல். வண்டி தன் வாலைத் தானே துரத்துவது போலத்தான் இருக்கும். அதனால் டீப்பாயோடு சோபாவையும் நகர்த்தலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா தினமும் பதினொரு மணிக்கு பால்கனியில் போய் நிற்கிறார். தபால்காரர் வரும் நேரம் அது. முன்பதிவுப் பெட்டிகள் வர இன்னும் மாதக்கணக்கில் ஆகும் என்று இரண்டு முறை சொல்லிவிட்டேன்.