இகாவில் நிஞ்ஜா வித்தை: சினிமாவை மறந்துவிட்டுப் போங்கள்

ஜப்பானின் மியே மாகாணத்தில் இருக்கிறது இகா நகரம். அங்கே உஏனோ கோட்டைக்குப் பக்கத்திலேயே இகா-ரியூ (இகா மரபு) நிஞ்ஜா அருங்காட்சியகம். நிஞ்ஜா என்றால் அந்தக் கால ஜப்பானிய உளவாளி. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண விவசாயி வீடு. உள்ளேதான் சங்கதி. நிஞ்ஜா உடையில் வந்த வழிகாட்டிப் பெண் சுவரில் தோளைச் சாய்த்தார். சுவர் சுழன்றது, ஆளைக் காணோம். அப்புறம் தரைப் பலகையின் ஓரத்தைக் காலால் அழுத்தினார், பலகை எகிறியது, அடியில் கிடந்த வாள் கைக்கு வந்துவிட்டது. கண் சிமிட்டும் நேரம்தான். இன்னொரு தடவை செய்யச் சொல்லிக் கேட்கத் தோன்றியது.

நிஞ்ஜாக்களின் ஆயுதமான நட்சத்திரத் தகட்டை எறிந்து பார்க்க விரும்பினால் தனிக் கட்டணம். குழந்தைகளோடு போகிறவர்கள் தப்ப முடியாது.

எனக்குப் பிடித்தது நிஞ்ஜாக்களின் மூளைதான். சாயம் பூசிய அரிசியை வழியில் போட்டுச் சங்கேதச் செய்தி சொல்வார்களாம். துறவியாகவும் வியாபாரியாகவும் வேடமிட்டு ஊருக்குள் நுழைவது அவர்கள் தொழில். கறுப்பு முகமூடியெல்லாம் மேடை நாடகம் தந்தது. 1676-இல் எழுதப்பட்ட பன்சென்ஷூகாய் என்ற கையேடு உளவு பார்ப்பதைச் சொல்லித்தருவதற்கு முன்பே மனத்தை நேராக வைப்பதைப் பேசுகிறது. 'நிஞ்ஜா மனநிலை' என்று இணையத்தில் ஒரு வகுப்புக்குப் பணம் கட்டினேன், அதிகாலையில் எழுந்திரு என்பதைத் தவிர ஒன்றும் தேறவில்லை. அதற்கு இகா எவ்வளவோ மேல். ஒசாகாவிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாம். என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை.