பூத் தையல் ஒரு தடவை, கிழிசல் தையல் வாரம் ஒரு தடவை

மிஷின் வாங்கப் போனபோது கடைக்காரர் இருபத்திச் சொச்சம் தையலையும் ஒரே துணியில் வரிசையாக அடித்துக் காட்டினார், இலை, பூ, அலை எல்லாம். ஆறு வருடத்தில் அந்தப் பூவை நான் அடித்தது ஒரே தடவை, மகளின் பொம்மைப் பாவாடைக்கு. மற்றபடி ஓடுவதெல்லாம் பார்க்க லட்சணமே இல்லாத மூன்று நான்கு தையல்கள்தான்.

அதில் என்னை அழவிட்டது பிளைண்ட் ஹெம், அதாவது கையால் எம்மிங் செய்த மாதிரி வெளியே தெரியாமல் ஓரம் அடிப்பது. பேன்ட் ஓரத்தை உள்பக்கம் மடித்து, அந்த மடிப்பை மறுபடி பின்னால் திருப்பி, விளிம்பு அரை சென்டிமீட்டர் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வைக்க வேண்டும். ஊசி அந்த விளிம்பில் நேராக மூன்று நான்கு தையல் போட்டுவிட்டு ஒரு தாவு தாவி மடிப்பின் நுனியைக் கடித்துவிட்டுத் திரும்பும். அந்தக் கடி ஓரிரண்டு இழைக்கு மேல் போகக் கூடாது. முதல் பள்ளிப் பேன்டில் அது ஆழமாகக் கடித்து, வெளியே சுற்றிலும் எறும்பு ஊர்ந்தது போலப் புள்ளிகள். உட்கார்ந்து பிரித்தேன். இப்போதெல்லாம் அதே துணியில் ஒரு துண்டு வெட்டி அடித்துப் பார்த்து, ஃபுட்டில், அதாவது துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தில், இருக்கும் திருகை நகர்த்திச் சரிசெய்த பிறகுதான் பேன்டைத் தொடுகிறேன். நூலின் நிறம் துணியைவிட ஒரு சாயல் அடர்த்தியாக இருந்தால் கண்ணில் படாது.

காசுக்கு உழைத்தது என்றால் மூன்று குத்து ஜிக்ஜாக்தான். சாதாரண ஜிக்ஜாக்கை அகலமாக வைத்தால் மெல்லிய துணி நடுவில் சுருண்டு குழாய் மாதிரி எழும்பும். இதில் ஒவ்வொரு சாய்வும் மூன்று சின்னத் தையலாகப் பிரிவதால் துணி படிந்தே கிடக்கிறது. முட்டியில் கிழிந்த பேன்ட், ஆணி மாட்டிக் கிழிந்த தலையணை உறை, எலாஸ்டிக் மாற்றிய பாவாடை, எல்லாவற்றுக்கும் இதே. கிழிசலின் இரண்டு வாயையும் சேர்த்து, பின்னால் மெல்லிய பழைய துணி ஒன்று கொடுத்து, அதன் மேல் இரண்டு மூன்று வரிசை. தழும்பு தெரியும்தான், ஆனால் நான் அடித்த தலையணை உறை மூன்று வருடமாகத் துவைத்தும் அந்த இடத்தில் விடவில்லை, பக்கத்தில்தான் கிழிந்தது!

டி-ஷர்ட்டுக்கு மட்டும் ஊசியை மாற்றுங்கள். சாதாரண ஊசி இழையைக் குத்தி அறுக்கும், சில இடத்தில் தையலே விழாது. நுனி உருண்டையான பால் பாயின்ட் ஊசி போட்டதும் பாதித் தொல்லை போனது, ஓரம் அலை அலையாக நீள்வது ஃபுட்டின் அழுத்தத்தைக் குறைத்ததும் அடங்கியது. முன்னே இரண்டு, பின்னே ஒன்று என்று போகும் ஸ்ட்ரெச் தையலைப் பேன்டின் கவட்டியில் போட்டால் உட்கார்ந்தாலும் பிரியாது. தப்பாகப் போட்டுவிட்டால் பிரிக்கவும் முடியாது, அது வேறு கதை.

புடவை ஃபால்ஸை பிளைண்ட் ஹெம்மில் அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: காட்டன் புடவைக்கு அடித்திருக்கிறேன், நன்றாக இருக்கிறது. பட்டில் ஒருமுறை பிரிக்க நேர்ந்தாலும் ஊசித் துளை அப்படியே நிற்கும். என் பட்டெல்லாம் இன்னும் அடுத்த தெரு அக்காவின் கைத்தையலுக்குத்தான் போகிறது.