மூன்றாவது பூட்டு: நீட்டுக்கம்ப வாளோடு நான்கு ஆண்டுகள்

பண்ருட்டிப் பட்டறையில் என் நீட்டுக்கம்ப வாளின் கம்ப அடுக்குகளை இறுக்கிப்பிடிக்கும் பூட்டை மூன்றாவது முறையாக மாற்றிவந்த சூடு ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். வில்லியனூரில் இருக்கும் மைத்துனர், தம் மாந்தோப்பில் கிளை கழிக்கும் கவாத்துக்கு இதே வாளை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

வாளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறைபோல் வளைந்த அலகின் பற்கள் இழுக்கும்போது மட்டுமே அறுப்பதால், முந்திரியின் காய்ந்த கிளைகளையும் ஒன்றோடொன்று உரசும் கிளைகளையும் தரையில் நின்றபடியே கழிக்க முடிகிறது. துறட்டியால் இழுத்த காலத்தில் கிளையோடு பட்டையும் உரிந்து வரும்; இப்போதோ அலகின் அடியிலுள்ள கொக்கிக் கத்தியால் கிளையின் கீழ்ப்பட்டையை முதலில் கீறிவிட்டு மேலிருந்து அறுப்பதால் வெட்டுவாய் சுத்தமாக நிற்கிறது. அதன்மீது 1 கிலோ மயில்துத்தமும் 1 கிலோ சுண்ணாம்பும் 10 லிட்டர் தண்ணீரும் சேர்ந்த, பூஞ்சையைத் தடுக்கும் போர்டோ பசையைப் பழைய துறட்டிக் கம்பில் தூரிகை கட்டிப் பூசுகிறேன். அந்தக் கம்புக்குப் பூட்டு கிடையாது. அது நழுவியதும் கிடையாது.

இந்த அலுமினியக் கம்பமோ மூன்று அடுக்கு. முழுதாக நீட்டிப் பலாக்கிளையில் வாளை மாட்டி இழுத்தால், பூட்டு நழுவிக் கம்பம் மட்டும் நீண்டுகொண்டே வரும். வாள் கிளையில் நிற்க, நான் பின்னால் சாய்ந்து சருகில் உட்காருவேன். பலாப்பால் ஒட்டிய அலகைத் தேங்காய் எண்ணெயால் துடைக்கிறேன் என்பதும், அந்த எண்ணெய் கம்பம் வழியே இறங்கிப் பூட்டை வழுக்கச் செய்கிறது என்பதும் உண்மை. பாதித் தவறு என்னுடையது என்று பட்டறைக்காரர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பண்ருட்டியில் விற்கும் கருவிக்குப் பலாப்பால் தெரியாமல் இருப்பது யார் தவறு?

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலில் கொல்லை முழுவதையும் இழந்து மறுநடவு செய்தவர்களுக்குக் கவாத்து ஒப்பனை வேலை அன்று. அடர்ந்த தலையைக் கலைத்துக் காற்றுக்கு வழிவிடாத மரமே முதலில் முறிகிறது. கீழண்டை வரப்பின் சவுக்கு வரிசை காற்றின் வேகத்தைக் குறைக்குமே தவிர நிறுத்திவிடாது. 2024 ஆவணியில் பூட்டு உடைந்ததால் ஒரே ஒரு பலாவைக் கழிக்காமல் விட்டேன். நவம்பர் 30 அன்று வந்த பெஞ்சல் புயலில் அதன் பெருங்கிளைதான் முறிந்தது. பலா அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் காய்ப்பது என்பதால், அந்தப் பக்கத்துக் காய்ப்பு முழுவதும் அதோடு போயிற்று.

மைத்துனருக்கு, வாங்க வேண்டாம் என்றே எழுதிவிட்டேன். அப்படியே வாங்கினாலும், உலோகக் கம்பம் ஆதலால் மின்கம்பி போகும் ஓரத்து மரங்களிடம் இதைக் கொண்டுபோகவே கூடாது என்றும் சேர்த்திருக்கிறேன். என்னுடையதை இரவல் கேட்டால், ஆடியும் ஆவணியும் கழிந்த பிறகுதான் தர இயலும். இந்த ஆண்டுக் கவாத்துக்கு மாற்று அலகு ஒன்றும் நேற்றே சொல்லிவைத்தாயிற்று.