எல்ஈடி டிவியா, ஓலெட் டிவியா?

இரண்டிலும் நிறத்துக்கு அடிப்படை சிவப்பு, பச்சை, நீலம்தான். கைபேசித் திரையில் வெள்ளை தெரியும் இடத்தில் ஒரு சிறு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், புள்ளிகள் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் எரிந்தால் கண் அதை மஞ்சளாக எடுத்துக்கொள்ளும். வழக்கமான திரையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒளி அளவில் 256 படிகள். சேர்த்தால் சுமார் 1 கோடியே 67 இலட்சம் நிறங்கள்.

எல்ஈடி டிவியில் பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். முன்னால் உள்ள திரவப் படிகம் தேவையான அளவு ஒளியை மட்டும் விட்டு மற்றதை மறிக்கும், வடிகட்டி நிறம் கொடுக்கும். முழுதாக மறிக்க முடியாததால் இரவுக் காட்சியில் கறுப்பு சாம்பலாகத் தெரியும்.

ஓலெட்டில் புள்ளியே ஒளிரும், அணைத்தால் சுத்தக் கறுப்பு. பார்க்க அவ்வளவு அழகு!

ஆனால் திருகோணமலை உப்புவெளிப் பக்கம், கடலைப் பார்த்த ஜன்னலால் காலை வெயில் கொட்டும் வீட்டில் அந்தக் கறுப்பு எடுபடாது. பிரகாசமான எல்ஈடியே நல்லது. நாள் முழுக்க கிரிக்கெட் ஓடும் வீட்டிலும் அப்படித்தான்: ஓட்ட விபரப் பட்டை ஒரே இடத்தில் நின்றால் ஓலெட்டில் அதன் தடம் திரையில் நிலையாக விழலாம். இரவில் விளக்கணைத்துப் படம் பார்ப்பவர்கள் தயங்காமல் ஓலெட் எடுக்கலாம்.