மூன்று வேலை அழைப்புகளும் ஒரு சீசன் டிக்கெட்டும்

பெருங்களத்தூரிலிருந்து கிண்டி வரை செல்லும் புறநகர் மின்ரயிலின் இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட்டை நான் ஏழு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். ஒரு பயணச்சீட்டுக்கு மதிப்புரை தேவையா என்று கேட்பவர்கள் இருக்கலாம். கையில் இருந்த மூன்று வேலைகளில் சம்பளம் குறைவான ஒன்றை நான் தேர்ந்தெடுத்ததற்கு இந்தச் சீட்டு ஒரு முக்கியக் காரணம் என்பதால், அதை வேலையிலிருந்து பிரித்து மதிப்பிட என்னால் முடியவில்லை; ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் கணக்குப் பிரிவில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன். பழைய நிறுவனம் தன் சென்னைக் கிளையை மூடியபோது, ஒரு வேலைவாய்ப்பு ஆலோசனை நிறுவனத்தின் வழியாக மூன்று இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்று, சிறுசேரி சிப்காட்டில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குக் கணக்கு எழுதும் நிறுவனம் ஒன்று, கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இயந்திர விற்பனை நிறுவனம் ஒன்று. அந்த ஆலோசனை நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆனால், மூன்றையும் அவர்கள் எனக்கு எடுத்துச் சொன்ன விதம் ஒரே வகையான பிழையைக் கொண்டிருந்தது: சி.டி.சி. எனப்படும், ஓர் ஊழியருக்காக நிறுவனம் செய்யும் ஆண்டு மொத்தச் செலவையே சம்பளம் என்றார்கள். ஒரகடத்தை ‘பக்கம்தான் சார், அரை மணி நேரம்’ என்றார்கள். வேலை நேரத்தைப் பற்றி நானாகக் கேட்கும்வரை வாயைத் திறக்கவில்லை.

முதலில் பணத்தை எடுத்துக்கொள்கிறேன். ஒரகடம் 6.6 லட்சம், சிறுசேரி 7.8 லட்சம், கிண்டி 5.16 லட்சம் என்று தாளில் இருந்தது. ஒரகடத்தின் 6.6 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 55,000 வருகிறது. அதற்குள் நிறுவனம் தன் பங்காகக் கட்டும் வருங்கால வைப்பு நிதி 1,800 ரூபாயும் (15,000 ரூபாய் உச்சவரம்பில் 12 விழுக்காடு), அடிப்படைச் சம்பளத்தில் 4.81 விழுக்காடாக ஒதுக்கப்படும் பணிக்கொடையும் (கிராஜுவிட்டி), மருத்துவக் காப்பீட்டுத் தவணையும், ஆண்டு இறுதியில் ‘செயல்திறனைப் பொறுத்து’ வழங்கப்படும் பத்து விழுக்காடும் அடங்கியிருந்தன. இவற்றைக் கழித்த பிறகு, என் பங்கு வைப்பு நிதி இன்னொரு 1,800, தொழில் வரி அரையாண்டுக்கு 1,250 என்று பிடித்தங்கள் போக, கையில் வருவது ஏறக்குறைய 43,400 ரூபாய். இதே முறையில் சிறுசேரி 52,100 ஆனது. செயல்திறன் பங்கு என்ற ஒன்றே இல்லாத கிண்டி 38,150 ஆனது. தாளில் ஒரகடத்துக்கும் கிண்டிக்கும் இருந்த மாதம் 12,000 ரூபாய் வித்தியாசம், கைக்கு வரும்போது 5,250 ஆகச் சுருங்கிவிட்டதைக் கண்டு, கணக்கன் என்ற முறையில் எனக்கே சற்று வெட்கமாக இருந்தது. முதல் நாளே இதைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். பணிக்கொடை பொய்ப்பணம் என்று சொல்லவில்லை. ஆனால், மாத வாடகையை அதிலிருந்து கொடுக்க முடியாது. வருமான வரியை நான் இங்கே சேர்க்காததற்குக் காரணம், புதிய முறையில் மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டுக்கு 12.75 லட்சம் வரை வரி இல்லை என்பதுதான்.

அடுத்தது நேரம். நான் அலுவலக நேரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு புறப்படும் நிமிடத்திலிருந்து திரும்பி வந்து செருப்பைக் கழற்றும் நிமிடம் வரை எடுத்தேன். மூன்று இடங்களுக்கும் வேலை நாளில், வேலைக்குப் போகும் நேரத்திலேயே ஒருமுறை போய் வந்தேன். நேர்காணலுக்குப் பதினொரு மணிக்குப் போய் வந்த அனுபவத்தை வைத்துப் பயண நேரத்தை முடிவு செய்வது, நோன்பு நாளில் மளிகைக் கணக்குப் போடுவதைப் போன்றது.

ஒரகடத்தில் வேலை எட்டரை முதல் ஐந்தரை வரை. நிறுவனப் பேருந்து உண்டு, கட்டணம் இல்லை. அந்தப் பேருந்து பெருங்களத்தூருக்கு 7.10-க்கு வருகிறது; வண்டலூர், ஊரப்பாக்கம் என்று சுற்றி ஆள் ஏற்றிக்கொண்டு வாலாஜாபாத் சாலையில் திரும்புகிறது. மாலையில் எல்லோரும் ஏறி முடிக்கும்வரை புறப்படாது என்பதால் ஆறு மணிக்குத்தான் கிளம்புகிறது. காலை 6.55 முதல் இரவு 7.30 வரை பன்னிரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, அதுவும் வாரம் ஆறு நாள். தொழிற்சாலைகளில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்ட முன்வடிவு 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறி, தொழிற்சங்கங்களின் எதிர்ப்புக்குப் பின் அடுத்த மாதமே திரும்பப் பெறப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். சட்டம் கைவிட்ட அந்தப் பன்னிரண்டு மணியை, எட்டு மணி நேர வேலையும் ஓர் இலவசப் பேருந்தும் சேர்ந்து எந்த ஆரவாரமும் இல்லாமல் கொண்டுவந்து விடுகின்றன. மாதம் 26 நாளுக்கு 327 மணி நேரம். 43,400 ரூபாயை வகுத்தால் மணிக்கு 133 ரூபாய்கூட முழுதாக வரவில்லை.

கிண்டியில் வேலை ஒன்பதரை முதல் ஆறு வரை, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை விடுமுறை. வீட்டிலிருந்து 8.25-க்குக் கிளம்பி இரவு 7.05-க்குத் திரும்பலாம். 24 நாளுக்கு 256 மணி நேரம். சீசன், மழை நாள் ஆட்டோ எல்லாம் சேர்த்து 500 ரூபாய் கழித்தாலும் மணிக்கு 147 ரூபாய் நிற்கிறது. ஆக, கிண்டியைவிட அதிகச் சம்பளம் என்று சொல்லப்பட்ட ஒரகடம், உண்மையில் மூன்றில் மலிவான வேலையாக இருந்தது.

இந்த 10 மணி 40 நிமிடம் என்ற கணக்கை நம்ப முடிந்தது ரயிலினால்தான். மதிப்புரைக்குரிய பொருளுக்கு இங்கே வருகிறேன். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் 1931-இல் ஓடத் தொடங்கியது. சாலைக்கு இணையாகச் செல்லும் இந்தத் தடம் பல்லாவரத்திலோ குரோம்பேட்டையிலோ சிக்னலுக்காகக் காத்திருக்கும் வாகனங்களைப் பொருட்படுத்துவதில்லை. பெருங்களத்தூரில் ஏறி, தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை கடந்து கிண்டியில் இறங்க முப்பத்தைந்து நிமிடங்கள் ஒதுக்கினால் போதும். இதே தூரத்தை ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் இருசக்கர வண்டியில் ஒரு நாள் நாற்பது நிமிடத்திலும் மறுநாள் ஒரு மணி பத்து நிமிடத்திலும் கடந்திருக்கிறேன். சராசரி எப்படி இருந்தாலும், மோசமான நாளுக்கும் நல்ல நாளுக்கும் உள்ள இடைவெளி ரயிலில் மிகச் சிறியது. வேலைக்குப் போகிறவனுக்குச் சராசரியைவிட அந்த இடைவெளியே முக்கியம், ஏனென்றால் தினமும் அவன் வீட்டிலிருந்து புறப்படும் நேரத்தை மோசமான நாள்தான் நிர்ணயிக்கிறது.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். 2025 ஜூலையில் ரயில் கட்டணங்கள் உயர்த்தப்பட்டபோதும் புறநகர்க் கட்டணத்தையும் சீசன் கட்டணத்தையும் தொடவில்லை. மாத சீசனை வேலை நாட்களால் வகுத்தால் ஒரு டீயின் விலைகூட வராது. தனிச்சீட்டே இவ்வளவு மலிவாக இருக்கும்போது சீசனால் மிச்சமாகும் பணம் சொற்பம்தான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். உண்மையான ஆதாயம் கவுன்டர் வரிசையில் நிற்காமல் நேரே நடைமேடைக்குப் போவதில் இருக்கிறது. காலாண்டுச் சீசன் மாதக் கட்டணத்தின் 2.7 மடங்கு, அரையாண்டுக்கு 5.4 மடங்கு, ஓராண்டுக்கு 10.8 மடங்கு. புது வேலையில் தகுதிகாண் காலம் முடியும் முன் ஓராண்டுச் சீசன் எடுப்பது பந்தி விரிக்கும் முன் இலையைக் கழுவுவது போலாகும். நான் மாதச் சீசனில் தொடங்கியதற்கு அதுவே காரணம்.

குறைகள் இல்லாமல் இல்லை. காலை எட்டு மணிக்கும் ஒன்பதரைக்கும் இடையில் செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டிகள் பெருங்களத்தூருக்கு வரும்போதே நிரம்பியிருக்கும்; உட்கார்ந்து போக விரும்புபவர்கள் தாம்பரத்தில் இறங்கி, அங்கிருந்தே புறப்படும் வண்டிக்கு மாறிக்கொள்கிறார்கள். அதற்குப் பத்து நிமிடம் முன்னதாக வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். நான் நின்றுகொண்டே போகிறேன். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். விரைவு வண்டிகள் எல்லா நிலையங்களிலும் நிற்பதில்லை என்பதால் அறிவிப்பைக் கேட்காமல் ஏறக்கூடாது. ஞாயிறு அட்டவணையில் வண்டிகள் குறைவு. வார விடுமுறை ஞாயிறாக இல்லாத வேலைக்காரர்கள் இதைத் தனியாகக் கணக்கில் கொள்ள வேண்டும். 2025 ஏப்ரலில் இந்தத் தடத்தில் குளிர்சாதன மின்ரயில் வந்திருக்கிறது. சாதாரணச் சீசன் அதற்குச் செல்லாது, குறைந்தபட்சக் கட்டணமே 35 ரூபாய். மே மாத வெயிலில் இரண்டு முறை தனிச்சீட்டு எடுத்து ஏறினேன், பணத்துக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதல் வகுப்புச் சீசன் எடுத்த அலுவலக நண்பர், கூட்ட நேரத்தில் அங்கும் நின்றுதான் வருகிறார்.

மெட்ரோவை ஏன் ஒப்பிடவில்லை என்று கேட்கலாம். அது விமான நிலையத்தோடு முடிந்துவிடுகிறது; கிளாம்பாக்கம் வரையிலான நீட்டிப்பு வரும்வரை எங்கள் பகுதிக்கு அது கேட்டுத் தெரிந்துகொள்ளும் செய்தி மட்டுமே. மாநகரப் பேருந்தில் குளிர்சாதன வண்டிகள் நீங்கலாக எங்கும் செல்லும் மாதப் பாஸ் 1,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ரயில் தடத்தை விட்டு விலகி வேலை கிடைத்தவர்களுக்கு அது நல்ல பாஸ். ஆனால் பேருந்தும் சாலையில்தான் ஓட வேண்டியிருக்கிறது.

சிறுசேரியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், ஏனெனில் என் கணக்கு அங்கேதான் எனக்கு எதிராக நின்றது. வாரம் ஐந்து நாள் வேலை, நேரம் பிற்பகல் ஒன்று முதல் இரவு பத்து வரை. போகும்போது வண்டலூரிலும் கேளம்பாக்கத்திலும் மாறி மாறிப் பேருந்து. திரும்பும்போது நிறுவனத்தின் கார். காலை 11.15 முதல் இரவு 11.30 வரை, 22 நாளுக்கு ஏறக்குறைய 270 மணி நேரம். பேருந்துப் பாஸைக் கழித்த பிறகு மணிக்கு 189 ரூபாய். என் மகள் பத்தாம் வகுப்பு; இரும்புலியூரில் அவளுடைய டியூஷன் இரவு எட்டு மணிக்கு முடிகிறது, அழைத்து வருவது நான். நான் இல்லாவிட்டால் ஆட்டோவுக்கு நாளைக்கு 150 ரூபாய். அதையும் கழித்தேன், 177 ரூபாய். எப்படிப் போட்டாலும் கிண்டியின் 147 அதை எட்டவில்லை. மாதம் பத்தாயிரம் சொச்சம் ரூபாயை நான் விட்டுக்கொடுக்கிறேன் என்பதே நேர்மையான கூற்று.

இரவு கார் எத்தனை மணிக்கு வீடு சேர்க்கும் என்பதை ஒத்திகை பார்க்க வழியில்லை. ஆகவே சிப்காட் வாசலில் இருந்த டீக்கடையில் ஒரு மாலை நின்று, அந்த நிறுவனத்தின் அடையாள அட்டை அணிந்திருந்த இருவரிடம் கேட்டேன். ஒரு காரில் நான்கு பேர் என்றும், கடைசியாக இறங்குபவருக்குப் பன்னிரண்டு மணி ஆகும் என்றும், இறங்கும் வரிசை வாரா வாரம் மாறும் என்றும் சொன்னார்கள். பணி ஆணையைத் திரும்ப எடுத்துப் படித்தபோது, போக்குவரத்து வசதி ‘நிறுவனத்தின் தேவைக்கு உட்பட்டது’ என்ற வரி ஏழாம் பக்கத்தில் இருந்தது. அந்த வசதியை ஒரு நாள் நிறுத்தினால், இரவு பத்து மணிக்குப் பழைய மாமல்லபுரம் சாலையிலிருந்து பெருங்களத்தூருக்கு வர எனக்கு வேறு வழி என்ன என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மாதவரத்திலிருந்து சிறுசேரி வரை மெட்ரோ கட்டி வருகிறார்கள். அது முடிந்தாலும் நான் இருக்கும் பக்கத்துக்கு அது குறுக்கே வரப்போவதில்லை.

தனியாளாக இருந்து, துரைப்பாக்கத்திலோ நாவலூரிலோ அறை எடுத்திருப்பவருக்கு இதே மூன்று அழைப்புகள் வந்தால் சிறுசேரியைத்தான் எடுக்கச் சொல்வேன். அவருக்குச் சீசன் டிக்கெட்டால் பயன் இல்லை. ஒரகடம் யாருக்குப் பொருந்தும் என்றால், படப்பையில் வீடு உள்ளவருக்கு. என் கணக்கில் மாலை ஏழு முதல் பத்து வரை உள்ள மூன்று மணி நேரம், காலை பதினொரு மணிக்கு முன் கிடைக்கும் மூன்று மணி நேரத்துக்குச் சமமில்லை; வீட்டில் ஆள் இருக்கும் நேரம் அதுதான்.

கைக்கு வரும் சம்பளமாக நான் கேட்ட 42,000-ஐக் கிண்டி நிறுவனம் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக, தொடங்கும் நேரத்தைப் பத்து மணிக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். முடியாது, ஆனால் ஒன்பதரைக்குப் பதினைந்து நிமிடம் வரை தாமதத்தைக் கணக்கில் எடுக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒரு வண்டியைத் தவறவிட்டு அடுத்த வண்டியில் வர அது போதுமானது. கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின்படி அலுவலக வேலை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், அதற்கு மேல் செய்தால் இரட்டை ஊதியம். மார்ச் மாத ஆண்டிறுதிக் கணக்கின்போது ஒன்பது நாள் இரவு எட்டு மணி வரை இருக்க நேர்ந்தது; அதற்கான தொகை ஏப்ரல் சம்பளத்தில் வந்து சேர்ந்தது.

சீசன் டிக்கெட்டுக்கு ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். பிடித்துக்கொண்ட ஒன்று, தாம்பரத்தில் மாறினால்தான் உட்கார இடம் கிடைக்கும் என்பதற்காக. தகுதிகாண் காலம் போன மாதம் முடிந்தது. அடுத்த முறை காலாண்டுச் சீசன் எடுக்கப்போகிறேன்.